கோப்ரல் படி தாண்ட மாட்டான்

குறிஞ்சிப்பிட்டி
2025 ஜனவரி 14

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாமை மட்டும் கோபமில்லாமல் எழுதியிருக்கிறேன். இனி வருவதெல்லாம் கோபத்தோடுதான் வரும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வாசியுங்கள்.

தபால் கந்தோரில் இங்கிலாந்துக்கு முத்திரை கேட்டபோது அங்கிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வட்ஸ்அப் இல்லையா தங்கச்சி?" என்றார். இருக்கிறது, ஆனால் சத்தியம் பண்ணிவிட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை ஃபோனில் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "நாயா புருஷனா, முடிவெடு" என்று கேட்டீர்கள். என் வாயும் சும்மா இருக்கவில்லை. "வல்லாஹி, அவனுக்கு ஒரு வழி சொல்லும் மட்டும் உங்கட ஃபோன எடுக்க மாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த மாமி வெளியே வந்து, "அல்லாட பேரால சொன்ன சத்தியம் புள்ள. முறிச்சா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கோணும்" என்றார். சாப்பாடு கொடுக்கலாம். முறிக்கத்தான் மனமில்லை.

அதனால் எழுதுகிறேன். எழுத்தில் ஒரு நன்மை இருக்கிறது. நான் முடிக்கும் வரைக்கும் நீங்கள் குறுக்கே கத்த முடியாது.

நீங்கள் லெஸ்டர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இது நான்காவது வருடம். இப்போது என்னைக் கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் போடப் போகிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். தோட்டத்தைப் பக்கத்து வீட்டு அன்ரன் குத்தகைக்கு எடுக்கச் சரி என்றுவிட்டார். மாமி கரைத்தீவில் உங்கள் தங்கச்சி நிஸ்ரின் வீட்டுக்குப் போவார். எல்லாருக்கும் இடம் பார்த்தாயிற்று. கோப்ரலுக்கு மட்டும் நீங்கள் பார்த்த இடம் என்ன? "அவுட்டு விடு, எங்கயாவது போகும்."

குட்டியாக அவனைத் தூக்கி வந்தது யார்? கடற்படை முகாம் நாய் போட்ட குட்டி, கெட்டிக்காரனாக வரும் என்று அன்ரன் சொன்னதை நம்பி, பெயரும் கோப்ரல் என்று வைத்து, சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தது நீங்கள். தோட்டக் காவலுக்கு நாய் வைக்கலாம், மார்க்கத்தில் தடை இல்லை என்று மௌலவியிடம் கேட்டு வந்து மாமியின் வாயை அடைத்ததும் நீங்கள்தான். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, படியில் கால் வைத்தால் ஓர் அடி, வைக்காவிட்டால் ஒரு மீன் தலை என்று பழக்கினீர்கள். அந்தப் பாடம் இன்றைக்கும் மறக்கவில்லை. மழை கொட்டினாலும் அவன் படிக்கு வெளியேதான். நனைந்திருந்தால் யார் கிட்டவும் வர மாட்டான். ஐந்து நேரமும் தொழுகிற வீட்டுக்கு இதைவிட ஒழுக்கமான நாய் கிடைக்காது.

மிளகாய்ச் செடியைக் கழுதை தின்ன வந்தாலும், மோட்டாரைக் கழற்ற ஆள் வந்தாலும் முதலில் எழும்புகிறவன் அவன்தான். நான் தூங்குவதும் அவன் குரைப்பான் என்ற தைரியத்தில்தான். அவனை விட்டுவிட்டு நான் வர மாட்டேன். நாயா புருஷனா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கேள்வியே பிழை.

நிஸ்மியா


லெஸ்டர்
2025 ஜனவரி 31

அன்புள்ள நிஸ்மியா,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. கதவுக்கு அடியில் கிடந்த உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு திறந்து பார்த்தால் நாய்.

நீ சொன்னதெல்லாம் உண்மை. குட்டியைக் கொண்டு வந்தது நான்தான். ஆனால் தோட்டத்துக்கு என்று கொண்டு வந்த நாயை, தோட்டம் இல்லாத ஊருக்கு என்னத்துக்குக் கொண்டு வருவது? இங்கே நான் இருப்பது ஓர் அறை. குசினி நான்கு பேருக்குப் பொது. வீட்டுச் சொந்தக்காரர் குஜராத்தி ஹாஜியார். நாய் என்று வாயெடுத்தால் என் பெட்டியும் தெருவுக்கு வரும். நீ வந்தால் தனி வீடு பார்ப்பேன், ஆனால் நாய் என்றதும் பாதி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இன்னொன்று. நாய் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று நாமெல்லாம் குர்ஆன் மத்ரஸாவிலேயே படித்தோம். ஊரில் அவன் வெளியே படுத்தான். இங்கே குளிரில் வெளியே படுக்க விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிகாரிகளைக் கூப்பிடுவார்கள். உள்ளேதான் வைக்க வேண்டும். பள்ளிவாசலுக்கு என்ன முகத்தோடு போவேன்? ஜமாஅத்தில் எனக்கு அருகில் நிற்கிறவர் என் உடுப்பில் நாய் மயிர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாரா?

உன்னிடம் சண்டை போட்டு வென்றவன் இல்லை நான். சத்தியத்தை முறி. பத்துப் பேருக்கு என்ன, நூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்க அனுப்புகிறேன். இரவு வேலை முடிந்து வந்து தூக்கம் வராமல் கிடக்கும்போது கேட்பதற்கு உன் குரல் ஒன்றுதான் இருந்தது. அதையும் நிறுத்திவிட்டாய். நேற்று உன் இலக்கத்துக்கு அடித்துவிட்டு மணி ஒலிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்,
ஜௌபர்


குறிஞ்சிப்பிட்டி
2025 பெப்ரவரி 20

அஸ்ஸலாமு அலைக்கும்.

மணி ஒலித்தது எனக்கும் கேட்டது. ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன் மேல் படுத்திருந்தேன். அது போதும், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நீங்கள் சரி என்பதற்காக நான் காத்திருக்கவில்லை. புத்தளத்தில் ஸுல்பிகா டொக்டரிடம் கோப்ரலைக் கொண்டு போனேன். அன்ரனின் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் அவன், அவனுக்குப் பக்கத்தில் நான். பாலாவி சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டொக்டர் அவன் கழுத்துத் தோலுக்குள் அரிசி அளவில் ஒரு சிப்பை ஏற்றினார், பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. இந்த ஒழுங்கு மாறினால் இங்கிலாந்தில் ஏற்க மாட்டார்களாம். ஒரு மாதம் போன பிறகு இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அது சரியாக வந்தாலும் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுத்துத்தான் பறக்கலாம். அதனால்தான் அவசரப்பட்டேன்.

இனிக் கேளுங்கள் சங்கடத்தை. விமானத்தில் போக ஒரு கூடு வேண்டும். டொக்டர் தெரிந்த இடத்தில் ஒன்று வாங்கித் தந்தார். அவன் தானாகவே ஏறி, உள்ளே அமைதியாகப் படுக்கப் பழக வேண்டுமாம். மயக்க மருந்து கொடுத்து ஏற்ற விட மாட்டார்கள். கூட்டை முற்றத்தில் வைத்தேன். உள்ளே மீன் தலை வைத்தேன். அவன் வந்தான், பார்த்தான், கூட்டு வாசலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். எச்சில் வடிகிறது, ஆனால் கால் எடுத்து வைக்கவில்லை. அடுத்த நாள் கோழி ஈரல் வைத்தேன். அதற்கும் அப்படியே. சாப்பாட்டை வெளியே வைக்காமல் பட்டினி போட்டுப் பார்த்தேன். மெலிந்தான், ஆனால் ஏறவில்லை.

ஏன் என்று யோசித்து எனக்குத் தலைவலி வந்தது. பிறகுதான் விளங்கியது. கூட்டுக்குக் கதவு இருக்கிறது, கூரை இருக்கிறது, கீழே ஒரு படி இருக்கிறது. அவனுக்கு அது வீடு. வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் அடி விழும் என்று அவனுக்கு நீங்கள் படிப்பித்திருக்கிறீர்கள். பிழை எதுவும் அவன் செய்யவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்கிறான்.

அதனால் நீங்கள்தான் அவிழ்த்துவிட வேண்டும். உங்கள் குரலில் "உள்ள வா" என்று சொல்லிப் பதிந்து நிஸ்ரினின் ஃபோனுக்கு அனுப்புங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், சத்தியம் இருக்கிறது.

கோப்ரல் என்னத்துக்கு என்று கேட்டீர்கள். அங்கேயும் நீங்கள் இரவு வேலைக்குத்தானே போவீர்கள்? மொழி தெரியாத தெருவில், மூடிய கதவுக்குள் நான் யாரோடு இருப்பது? இதற்கு மலக்குமாரைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள்.

நிஸ்மியா


லெஸ்டர்
2025 மார்ச் 9

அன்புள்ள நிஸ்மியா,

நோன்பு நன்றாகப் போகிறதா? இங்கே ஆஸ்பத்திரியில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே நோயாளியின் மணிக்கு ஓடுகிறேன். உம்மாவின் நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தால் வேலை ஓடாது.

குரலைப் பதிந்து அனுப்பினேன். நிஸ்ரின் தந்திருப்பாள். ஓய்வறையில் நின்று ஃபோனைப் பார்த்து "கோப்ரல், உள்ள வா, வாடா ராசா" என்று சொன்னபோது உள்ளே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்காக என் மானத்தையும் கொடுத்தேன்.

என்னோடு வேலை செய்கிற அல்ஜீரியாக்காரர் ஒருவர் விசாரித்தார். சொன்னேன். அவர்கள் மாலிக்கி மத்ஹப், சட்ட வழி நம்முடையது இல்லை. அவர்களுக்கு நாய் தொட்டால் நஜீஸ், அசுத்தம் இல்லையாம். "இதுக்கா ரெண்டு மாசமா யோசிக்கிறீங்க?" என்ற மாதிரி பார்த்தார். நாம் ஷாபிஈ, நாய் நாக்குப் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு கழுவ வேண்டும் என்றேன். "லெஸ்டரில் மண்ணுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார்.

உன்னைக் கூப்பிடும் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன். கலியாண அத்தாட்சிப் பத்திரம், படங்கள், என் வேலைக் கடிதம் எல்லாம் சேர்க்கிறேன். நாம் தொடர்ந்து தொடர்பில் இருப்பதற்கு ஃபோன் பதிவும் கேட்கிறார்கள். போன வருடப் பதிவு தாராளமாக இருக்கிறது. நம் கடிதங்களையும் கொடுக்கலாம்தான், ஆனால் அதிகாரி வாசித்தால் முழுக்க நாய்ச் சண்டை. வெட்கமாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது தெருவில் கதவுகளைப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஒன்றும் திறந்திருக்காது.

ஜௌபர்


குறிஞ்சிப்பிட்டி
2025 ஏப்ரல் 6

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து பிந்திச் சொல்கிறேன்.

உங்கள் குரலைப் போட்டேன். நல்ல வேலை செய்தீர்கள்! "கோப்ரல்" என்ற முதல் சத்தத்திலேயே அவன் நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டான். வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு படிக்கு இன்னும் தள்ளிப் போனான். "வாடா ராசா" என்றதும் வேலிக்குக் கீழால் புகுந்து ஓடி, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதான் வந்தான். நான்கு வருடம் கேட்காத குரலை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறான் என்று பெருமைப்படுங்கள்.

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானே கூட்டுக்குள் புகுந்தேன்.

சிரிக்காதீர்கள். பெரிய கூடுதான். முழங்காலை மடித்தால் ஒரு மனிசி இருக்கலாம். உள்ளே இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாமி கோழிக்குத் தீனி போட வந்தார்.

"யா அல்லாஹ்! நாய்ட கூட்டுக்குள்ள என்னத்துக்குப் பூந்திரிக்கிறாய்?"

"இங்கிலாந்துக்குப் போறன் மாமி."

"போறதெண்டா மனிசர் மாதிரிப் போ புள்ள!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கும் வந்தது, ஆனால் காட்டவில்லை. நான் சிரித்ததைக் கேட்டுக் கோப்ரல் எழும்பி வந்தான். ஒரு காலை உள்ளே வைத்தான், உடனே எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். அடி விழவில்லை. பிறகு மாமியைப் பார்த்தான். அவர் கையில் தீனிச் சட்டிதான் இருந்தது, விளக்குமாறு இல்லை. மறுபடி ஒரு காலை வைத்தான். அப்படியே முழுதாக வந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் அவனாக வந்து என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம். மூக்கு ஈரம். என் சட்டை ஈரம். நான் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. எழும்பி வந்தபோது கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீரும், சிரட்டையில் தோட்டத்து மண்ணும் இருந்தன. மாமி திட்டவில்லை. "ஆறுதலாக் கழுவிட்டு வா, தேத்தண்ணி ஆறுது" என்று மட்டும் சொன்னார். உங்கள் உம்மாவைப் பற்றி நான் இதுவரை சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

இப்போது தினமும் ஏறுகிறான். கூட்டைத் தாண்டி வீட்டுக்குள்ளும் கூடத்து மூலைவரை வருகிறான். தொழுகிற அறைக்கு மட்டும் போக மாட்டான். அதை நான் பழக்கவில்லை, அவனாகவே நிற்கிறான். இரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. அவன் பக்கத்து வேலை முடிந்தது. உங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது?

நிஸ்மியா


லெஸ்டர்
2025 ஜூன் 2

அன்புள்ள நிஸ்மியா,

நான் தோற்றேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குப் பாய்வாய்.

தனி வீடு எடுத்துவிட்டேன். சின்னது. பின்னால் எட்டு நடைக்கு ஒரு புல்தரை. வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. "நாய் வீட்டுக்குள் இருந்து பழகியதா?" என்று கேட்டாள். பழகிக்கொண்டிருக்கிறது என்றேன். நீ கூட்டுக்குள் உட்கார்ந்த கதையையும் சொன்னேன். சாவியை உடனே தந்துவிட்டாள்.

ஏன் மனம் மாறினேன் என்று கேட்பாய். மலக்குமாரைப் பற்றி எந்தப் புதுப் பத்வாவும் எனக்குக் கிடைக்கவில்லை. காவலுக்கு என்று வைக்கிற நாய், தொழுகிற அறைக்குள் வராத நாய், அல்லாஹ் மன்னிக்கப் போதுமானவன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. இரவு வேலை முடிந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தெருத் தெருவாக நடக்கிறேன். இங்கே நாயோடு நடக்கிறவர்களிடம் எல்லாரும் நின்று கதைக்கிறார்கள். பெயர் என்ன, வயது என்ன, கடிக்குமா என்று. நான்கு வருடமாக இந்தத் தெருவில் என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நீ வந்து, நான் வேலைக்குப் போய், நீ இந்தத் தெருவில் தனியாக நடந்தால் உன் பெயரையும் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நாள் திடீரென்று நினைத்தேன். நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கோப்ரலைக் கொண்டு வா. வழி சொல்லிவிட்டேன். உன் சத்தியம் முடிந்தது. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபோனை எடு, நாசமாய்ப் போன பிடிவாதக்காரி.

ஜூலை நடுவில் லீவு. உன் விசா அதற்குள் வந்துவிடும் என்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து வருவோம். இந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. வேலை நேரத்தில் கூடக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உன் ஜௌபர்


குறிஞ்சிப்பிட்டி
2025 ஓகஸ்ட் 3

அஸ்ஸலாமு அலைக்கும்.

தினமும் ஃபோனில் கதைக்கிறோம். ஆனால் "சாப்பிட்டீங்களா", "வேலைக்குப் போய்ட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு அதில் வாய் வருவதில்லை. ஆறு மாதம் எழுதி எழுதிப் பழகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்களை உள்ளே அனுப்பிவிட்டு, கோப்ரலின் கூட்டைச் சரக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனதையும் பார்த்துவிட்டு, பஸ் ஏறினேன். சிலாபம் வரைக்கும் ஒன்றும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தாள். நாய்க்குப் பேப்பர் எல்லாம் சரி. பெண்சாதிக்கு இல்லை. சிரிக்காமல் என்ன செய்வது?

நீங்கள் வந்து இறங்கி இரண்டாம் நாள் அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்ததை நான் மறக்க மாட்டேன். ஜனவரிக்குப் பிறகு கணவன் மனைவிக்கு இடையில் ஃபோன் தொடர்பே இல்லை, திருமண உறவு தொடர்வதாக நம்பப் போதிய சான்று இல்லை, அனுமதி மறுக்கப்படுகிறது. என் சத்தியம்! அல்லாஹ்வின் பெயரால் வாயை மூடியது நான், அதைப் பிரிவு என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்குப் பத்துப் பேருக்குச் சோறு போட்டிருந்தால் இன்றைக்கு உங்களோடு விமானத்தில் இருந்திருப்பேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

"உன்ன விட்டுட்டு நாயக் கொண்டுபோய் நான் என்ன செய்ற?" என்று கேட்டீர்கள். கோபத்தில்தான் அப்போது பதில் சொன்னேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். டொக்டர் தந்த அத்தாட்சிக்குத் தவணை இருந்தது, விட்டால் எல்லாம் முதலிலிருந்து என்பது ஒரு காரணம். மற்றது உங்கள் முகம். வீட்டில் நின்ற அத்தனை நாளும் நீங்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கதிரையில் இருந்தால் கால் ஆடுகிறது. படுத்தால் எழும்பி வேலியோரம் நடக்கிறீர்கள். எனக்கு இங்கே மாமி இருக்கிறார், காற்று இருக்கிறது, சத்தம் போட ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே யார்? எனக்குத் தைரியம் தந்தவனை உங்களுக்குத் தந்தேன். தருவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

மாமி கரைத்தீவிலிருந்து சாமான்களோடு திரும்பி வந்துவிட்டார். தோட்டம் அன்ரன் கையில். அவர் தன் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுவதை நான் வேலியோரம் நின்று பார்க்கிறேன். கழுதைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டன, நாய் இல்லை என்று. தகரத்தைத் தட்டிக்கொண்டு நான்தான் ஓடுகிறேன்.

கோப்ரல் எப்படி இருக்கிறான்? ஃபோனில் கேட்டால் "இருக்கான்" என்கிறீர்கள். அது பதில் இல்லை.

நிஸ்மியா


லெஸ்டர்
2025 ஓகஸ்ட் 19

அன்புள்ள நிஸ்மியா,

"இருக்கான்" என்றது உண்மைதான். எங்கே இருக்கிறான் என்பதைத்தான் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே இருக்கிறான்.

கதவைத் திறந்து வைக்கிறேன், உள்ளே வருவதில்லை. உனக்குப் பழகியது எனக்குச் செல்லாது போல. நான் வாசலில் நின்றால் அவன் கண் என் கையைத்தான் பார்க்கிறது. இங்கே என்னிடம் விளக்குமாறே இல்லை, வெக்கியூம்தான் இருக்கிறது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? பின்பக்கம் ஒரு பலகைக் கொட்டில் செய்து போர்வை போட்டேன். அதற்குள்ளும் போகாமல் குசினிப் படிக்கு வெளியே மழையில் படுக்கிறான். நான் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் சாப்பிடுகிறேன், அவன் வெளியே நனைந்துகொண்டு பார்க்கிறான். சோறு இறங்குவதில்லை.

துவாயால் துடைக்கப் போனேன். துடைக்க விட்டான். ஊரில் காய்ந்த நாயைக் காய்ந்த கையால் தொட்டால் பிரச்சினை இல்லை. இந்த ஊரில் நாய் காய்வதே இல்லை. ஏழு தரம் கழுவ மண் வேண்டுமே என்று கடைக்குப் போய்ப் பூச்சாடி மண் ஒரு பை வாங்கினேன். "என்ன நடப் போறீங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ரோசா என்று பொய் சொன்னேன்.

நல்ல செய்தி ஒன்று. ஒரு வக்கீலைப் பார்த்தேன். மறுபடி விண்ணப்பிக்கலாம். ஃபோன் இல்லாத மாதங்களில் கடிதம் இருந்தால் அது நல்ல சான்று என்கிறார். தபால் முத்திரை திகதியோடு இருப்பது இன்னும் நல்லதாம். முதல் தரம் வெட்கப்பட்டு விட்டதற்கு என்னைத் திட்டினார். நான் எழுதியவை உன்னிடம் இருக்கின்றன. நீ எழுதியவற்றைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். எல்லாவற்றையும் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பு. இனி எழுதுகிற கடிதங்களும் சேரும். அதனால் கொஞ்சம் பார்த்து எழுது. நாயைக் குறைத்து, அன்பாக இரண்டு வரி இருந்தால் நல்லது.

என் உயிரினும் மேலான இனிய மனைவிக்கு ஆயிரம் முத்தங்களுடன்,
உன் ஜௌபர்


குறிஞ்சிப்பிட்டி
2025 செப்டெம்பர் 4

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆயிரம் முத்தமாம்! அந்த வரியைப் பார்த்துப் பரீனா ராத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். புத்தளத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர் அவர்தான். "இதக் கடைசியிலதான் எழுதியிரிக்கார், தனக்காகப் போட்ட வரியெண்டு அதிகாரி பாத்த ஒடனே புடிச்சிருவான்" என்றார். மற்றக் கடிதங்களை வாசித்தபோது சிரிக்கவில்லை. கூட்டுக்குள் நான் இருந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். "நாசமாய்ப் போன பிடிவாதக்காரி எண்டத எப்பிடிப் போடுற?" என்று கேட்டார். அப்படியே போடுங்கள் என்றேன்.

அதிகாரி வாசிப்பார் என்று ஒரு வார்த்தையையும் நான் இனிப்பாக எழுத மாட்டேன். நாயைக் குறைத்தும் எழுத மாட்டேன். இந்த வருடம் முழுக்க நாம் புருஷன் பெண்சாதியாகக் கதைத்தது அந்த நாயைப் பற்றித்தான். வேறு எதைக் காட்டுவது? நீங்கள் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை, சோற்றில் ருசி இல்லை, நடந்த இடத்திலேயே நடக்கிறேன். இது உங்களுக்காக எழுதியது. அவர் வாசித்தால் வாசிக்கட்டும்.

கோப்ரலுக்கு வருவோம். நீங்கள் நின்றுகொண்டு கூப்பிடுகிறீர்கள், அதுதான் பிழை. கதவைத் திறந்து, வாசலுக்கு உள்ளே தரையில் உட்காருங்கள். கையை மடியில் வையுங்கள். கூப்பிட வேண்டாம். உங்கள் பாட்டில் பாணைத் தின்னுங்கள். குளிர் வீட்டுக்குள் வந்தால் வரட்டும். எத்தனை நாள் ஆனாலும் இருங்கள். நீங்கள் போட்ட முடிச்சை நீங்கள்தான் அவிழ்க்க முடியும், நான் பாதிதான் அவிழ்த்தேன்.

நிஸ்மியா


லெஸ்டர்
2025 செப்டெம்பர் 22

நிஸ்மியா,

நேற்று ஃபோனில் "உள்ளே வந்தான்" என்று சொன்னேன். நீ சந்தோஷத்தில் உம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாய். அதனால் மிச்சத்தைச் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே தினமும் இருந்தேன். வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து பாண் தின்றேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். ஒரு மனிதர் நின்று நாயின் பெயர் கேட்டார். பிறகு என் பெயரையும் கேட்டார். நேற்று விடியப்புறம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். கையில் ஈரம் பட்டு விழித்தேன். கோப்ரல் என் கையை முகர்ந்துகொண்டு நின்றான். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போனான்.

என்னிடம் வந்து படுப்பான் என்று நினைத்தேன். அவன் படுக்கவில்லை. குசினிக்குப் போனான். மேசைக்குக் கீழே பார்த்தான். மாடிப்படியில் ஏறி அறைக்குப் போனான், கட்டிலுக்குக் கீழே மூக்கை விட்டான். குளியலறைக்குப் போனான். தொழுகிற அறையின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான், போகவில்லை. கீழே வந்து கதவுக்குப் பின்னாலும் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் நீ உள்ளேதான் இருக்கிறாய், நான்தான் விடவில்லை என்று அவன் நினைத்திருக்கிறான்.

நீ இல்லை என்று தெரிந்ததும் அவன் பாட்டில் வெளியே போய்ப் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டான்.

நானும் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை பெய்தது. கை கழுவ எழும்பவில்லை. இன்றைக்கும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

இதையும் பரீனா ராத்தாவிடம் கொடு. ஒரு சொல்லும் விடாமல் எழுதச் சொல்.

ஜௌபர்